புதுசாக நடுவதா, இருப்பதைப் பெருக்குவதா? பீட்டா செல்லுக்கு இரண்டு வழிகள்

சர்க்கரை நோய்க்கு இதுவரை நாம் செய்துவருவதெல்லாம் ஈடுகட்டும் வேலைதான். இன்சுலின் போதவில்லையென்றால் ஊசியில் ஏற்றுகிறோம். சுரப்பது வேலை செய்யவில்லையென்றால் மாத்திரை போடுகிறோம். அந்த இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களையே திரும்பக் கொண்டுவந்துவிட்டால் என்ன? கேள்வி பழையது. இப்போதுதான் அதற்கு உருப்படியான பதில்கள் கைக்கு எட்டியிருக்கின்றன. முக்கியமானவை இரண்டு. செல்களை வெளியே தயாரித்து உடம்புக்குள் வைப்பது ஒன்று. உடம்பில் மிச்சமிருக்கும் செல்களை மருந்து கொடுத்து அங்கேயே பெருகவைப்பது மற்றொன்று. கரும்பு போடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: புதுக் கரணை வாங்கி நடுவதா, வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பு விடுவதா?

முனைவர் பட்டம் முடித்த கையோடு இரண்டு பக்கமிருந்தும் எனக்கு வேலை வந்தது. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்று. மனித பீட்டா செல்லைப் பெருக்கும் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று. நான் போய்ச் சேர்ந்தது இரண்டாவதில். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கப்போவதில்லை. “ஜெயிக்கிற கட்சியை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாய்?” என்று கேட்கிறவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவரும் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நடும் கட்சி ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்பதில் தகராறே இல்லை. 2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஷாபிரோவும் அவர் குழுவினரும் இறந்தவர்களின் கணையத்திலிருந்து, பீட்டா செல்கள் குடியிருக்கும் லாங்கர்ஹான் திட்டுகளைப் பிரித்தெடுத்து, எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்லை அழித்துவிடும் டைப் 1 வகை நோயாளிகள் 7 பேருக்குக் கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்தினார்கள். 7 பேரும் ஊசியை நிறுத்தினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரு நோயாளிக்குப் பெரும்பாலும் ஒரு கணையம் போதவில்லை. அதே மையம் 5 ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஊசியில்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். 2023 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகைச் சிகிச்சைக்கு லாண்டிட்ரா என்ற பெயரில் அனுமதி கொடுத்தது. கணையத் தட்டுப்பாடு மட்டும் அப்படியே நின்றது.

அந்தத் தட்டுப்பாட்டுக்கு வழி கண்டவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ஹார்வர்டின் டக் மெல்டன். மகனுக்கும் மகளுக்கும் டைப் 1 என்று தெரிந்தபின் தன் ஆராய்ச்சியையே அந்தப் பக்கம் திருப்பியவர் அவர். ஸ்டெம் செல்லைப் படிப்படியாகப் பழக்கி, சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்கும் செல்லாக்கும் முறையை 2014-ல் அவர் குழு வெளியிட்டது. அதற்காக அவர் தொடங்கிய நிறுவனத்துக்குப் பெயர் செமா. பிள்ளைகள் சாம், எம்மா பெயர்களை ஒட்டவைத்த பெயர் அது. 2019-ல் வெர்டெக்ஸ் நிறுவனம் அதை 95 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 ஜூனில் வந்த சோதனை முடிவு ஆய்வகங்களில் எல்லாரையும் நிமிரவைத்தது. ஜிமிஸ்லெசெல் என்ற அந்தச் செல் மருந்தை முழு அளவில், அதாவது ஒரே தடவையில் 80 கோடி செல்கள், பெற்றுக்கொண்ட 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். ‘லோ சுகர்’ வந்து நினைவு தப்பி விழுந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 12 பேரில் ஒருவருக்கும் அந்த ஆபத்து திரும்பவில்லை.

சீனாவிலிருந்தும் இதே திசையில் செய்தி வந்தது. தியான்ஜினில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு அவருடைய சொந்தச் செல்லையே வேதிப்பொருட்களால் ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து திட்டுகள் செய்து, வயிற்றுத் தசையின் உறைக்கடியில் வைத்தார்கள். இரண்டரை மாதத்தில் ஊசி நின்றது. ஷாங்காயில் டைப் 2 உள்ள 59 வயதுக்காரருக்கும் ஏறக்குறைய அதேபோல நடந்தது. எண்களை மட்டும் அடுக்கினால் பந்தயம் முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

நான் முடியவில்லை என்று சொல்வது நட்டபிறகு வரும் பராமரிப்பை வைத்து. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

வெளியிலிருந்து வரும் எந்தச் செல்லையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாகவே பார்க்கும். டைப் 1-ல் இரட்டைப் பகை, ஏனென்றால் அங்கே பீட்டா செல் என்றாலே ஆகாது. அதனால் நடும் சிகிச்சை எடுத்தவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிடவேண்டும். தியான்ஜின் பெண்ணும் ஷாங்காய்க்காரரும் இதில் விதிவிலக்கு என்று சிலர் பேசுகிறார்கள், சொந்தச் செல்தானே என்று. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்லீரல் மாற்று ஆகியிருந்தது. ஷாங்காய்க்காரருக்கு 2017-லேயே சிறுநீரக மாற்று ஆகியிருந்தது. இருவருமே அதற்கான அடக்கும் மருந்துகளை முன்பிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த மருந்து இல்லாமல் அந்தச் செல்கள் தாக்குப்பிடித்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு பேரை வைத்துப் பதில் சொல்ல வழியில்லை.

அடக்கும் மருந்து என்றால் ஒரு மாத்திரையோடு போகிற காரியமல்ல. அவற்றில் முக்கியமான டாக்ரோலிமஸ் எடுப்பவர் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குறைந்தால் நட்டது போகும், கூடினால் சிறுநீரகம் போகும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வகைப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பு கூடும். சாதாரணமாக உடம்பு தட்டிவிட்டுப் போகும் கிருமிகள் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். காசநோய் பரவலாக இருக்கும் நம் நாட்டில் இந்தக் கவலை இரட்டிப்பு. நான் மேலே பாராட்டிய ஜிமிஸ்லெசெல் சோதனையிலேயே 2 பேர் இறந்தார்கள். ஒருவர் முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியதால். மற்றவர் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையைத் தாக்கியதால். இரண்டாவது வகைத் தொற்று எதிர்ப்புச் சக்தி தாழ்ந்தவர்களைத் தேடிப் பிடிப்பது. செல்லின் மேல் குற்றமில்லை. அதைக் காக்கப் போட்ட வேலிதான் இடம் கொடுத்தது.

இன்னொரு முரண் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. டாக்ரோலிமஸ் பீட்டா செல்லுக்கே ஆகாத மருந்து. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் பலருக்கு அதற்குப்பின் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கூடவே கொடுக்கப்படும் சிரோலிமஸ் செல் வளர்ச்சிக்கான சமிக்ஞையையே அமுக்கும் மருந்து. நட்ட செல்லைக் காவல் காக்கும் மருந்துகள் அந்தச் செல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் பாதையை அடைக்கின்றன. அந்தப் பாதைதான் நாங்கள் திறக்கப்பார்க்கும் பாதை. எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன்.

மனித பீட்டா செல் பெருகாத செல் என்று வெகுகாலம் எழுதிவைத்திருந்தார்கள். முழுப் பொய்யில்லை. பிறந்த முதல் ஆண்டில்தான் அவை மும்முரமாகப் பெருகும். அப்போதே ஒரு நேரத்தில் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு செல்தான் பிரிந்துகொண்டிருக்கும். அப்புறம் மளமளவென்று இறங்கி, பெரியவர்களிடம் ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்றாகிவிடும். ஏறக்குறைய 30 வயதில் இருப்பதை வைத்துத்தான் மிச்சக் காலத்தை ஓட்டுகிறோம். அதே நேரம், வளர்ந்த எலியில் புது பீட்டா செல் பெரும்பாலும் பழைய பீட்டா செல் இரண்டாகப் பிரிந்தே வருகிறது என்று 2004-ல் காட்டியவர்கள் யுவல் டோரும் இதே மெல்டனும்தான். பெருக்கும் கட்சிக்கு விதை போட்டவரே பின்னால் நடும் கட்சிக்குத் தலைவராகிவிட்டார்!

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளியில் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டின் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சலித்துப் பார்த்து 2015-ல் ஒரு பெயரோடு வந்தது: ஹார்மின். மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வளரும் ஹர்மல் செடியின் விதையில் இருப்பது. ஈரானில் கண்ணேறு கழிக்கத் தணலில் போடுவது இந்த விதையைத்தான். ஹார்மின் போய்ப் பிடிப்பது டிர்க்-1ஏ என்ற நொதியை. பீட்டா செல்லுக்குள் கால்சினியூரின் என்றொரு நொதி, என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பிவைக்கும். அது உள்ளே போனால் ‘பிரி’ என்ற கட்டளை கிடைக்கும். டிர்க்-1ஏ அதை வெளியே தள்ளிவிடும். ஹார்மின் தள்ளுகிற கையைப் பிடித்துக்கொள்கிறது; என்ஃபாட் உள்ளேயே தங்குகிறது; செல் பிரிகிறது.

இப்போது டாக்ரோலிமஸுக்குத் திரும்புங்கள். அது அடைப்பது கால்சினியூரினை. அதாவது என்ஃபாட் உள்ளே போகவே முடியாதபடி வாசலை மூடுகிறது. எலியின் பீட்டா செல்லில் கால்சினியூரின் வேலை செய்யாதபடி மரபணுவை மாற்றியபோது செல்கள் பெருகாமல் எலிக்குச் சர்க்கரை நோயே வந்தது என்று 2006-லேயே ஸ்டான்ஃபோர்டில் காட்டியிருக்கிறார்கள். எட்மன்டன் நோயாளிகளுக்கு ஐந்தாண்டில் பலன் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. கல்லீரலுக்குள் போன உடனேயே ஒரு பங்கு செல் செத்துப்போவதும் உண்டு. ஆனால் தேய்ந்ததை ஈடுசெய்யும் வழியை நாமே மாத்திரையால் அடைத்துவைத்திருந்தோம் என்பதும் அந்தப் பட்டியலில் சேரவேண்டும் என்பது என் கட்சி.

சரி, பெருக்கும் வேலை எப்படியிருக்கும்? மாற்றுச் சிகிச்சைக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கப்பட்ட கணையங்களிலிருந்து பிரித்த திட்டுகள், குடும்பத்தின் சம்மதத்தோடு, போத்தலில் ஆய்வகத்துக்கு வந்துசேரும். டித்திசோன் சாயத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் திட்டுகள் குங்குமச் சிவப்பாக ஏறும், இன்சுலினோடு கூடவே இருக்கும் துத்தநாகத்தால். சுற்றியிருக்கும் மற்ற கணையத் துணுக்குகள் மஞ்சளாகவே நிற்கும். சிவப்பை மட்டும் பிப்பெட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தனித்தனிச் செல்லாக உதிர்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டவைத்து, நாலு நாள் மருந்தில் வைப்போம். பிறகு இன்சுலினுக்குச் சிவப்பு, பிரியும் செல்லுக்குப் பச்சை என்று சாயம். மருந்து போடாத கண்ணாடியில் சிவப்பு சிவப்பாக நகர்த்திக்கொண்டே போகலாம், ஒரு பச்சை உட்கருகூடத் தட்டுப்படாது. ஹார்மின் போட்டதில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று சிவப்புக்குள் பச்சை தெரிய ஆரம்பிக்கும். பச்சை கண்டதும் துள்ளக்கூடாது. பாதி நேரம் அது நாளச் செல்லாகவோ, நார்த்திசு செல்லாகவோ இருக்கும். அவை எந்த ஊட்டமும் இல்லாமலே பெருகும் ஜாதி. சிவப்புக்குள் பச்சை இருந்தால்தான் கணக்கு. ஒருவர் தந்த கணையம் நன்றாகப் பதில் சொல்லும், அடுத்த வாரம் வந்தது அசைந்தே கொடுக்காது. இந்த வேலையில் அலுப்பும் உண்டு, ருசியும் உண்டு.

நூற்றுக்கு இரண்டு என்பது சிகிச்சைக்குப் போதாது என்று ஸ்டூவர்ட்டின் குழுவுக்குத் தெரியும். செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பாதையையும் சேர்த்து அடைத்தபோது 5 முதல் 8 வரை ஏறியது. ஆனால் அந்தப் பாதை உடம்பெங்கும் வேலை செய்வதால் மருந்தாக்குவது கஷ்டம். 2020-ல் அவர்கள் கண்ட கூட்டணிதான் என்னை இழுத்தது: ஹார்மினோடு ஜிஎல்பி-1 வகை மருந்து. ஓசெம்பிக் என்று இன்று எல்லாருக்கும் தெரிந்த குடும்பம். அந்த மருந்துகள் பீட்டா செல்லில் உள்ள தனிக் கைப்பிடியைப் பிடிப்பவை, பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொள்பவை. இரண்டும் சேர்ந்தால் 5, 6 சதவீதம். 2024 ஜூலையில் அடுத்த படி. மனிதத் திட்டுகளை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குள் வைத்து, 3 மாதம் மருந்தைத் தொடர்ந்து செலுத்தி, திசுவையே கண்ணாடிபோலத் தெளிவாக்கி முப்பரிமாணத்தில் படமெடுத்துக் கணக்கிட்டார்கள். ஸ்டூவர்ட்டோடு இதில் சேர்ந்தவர் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப்பைச் சேர்ந்த அடோல்ஃபோ கார்சியா-ஒகான்யா. மனித பீட்டா செல்லின் மொத்த அளவு 4 முதல் 7 மடங்கு கூடியிருந்தது. பெருக்கம் மட்டுமல்ல, செல்கள் சாகாமல் நிலைத்ததும் அதற்குக் காரணம். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

அந்தக் கடைசி வரிதான் என் வாதத்தின் அச்சு. கொஞ்ச காலம் மருந்து, பிறகு நிறுத்தம், செல் அப்படியே இருக்கிறது. நடும் சிகிச்சையில் எந்த மருந்தை நிறுத்தினால் எல்லாம் போகுமோ, அப்படி ஒரு மருந்து இங்கே கிடையாது. செல் நோயாளியுடையது, யாரும் அதை அந்நியமாகப் பார்க்கப்போவதில்லை. குறைந்தபட்சம் டைப் 2-ல்.

டைப் 2-ல் செல்லே குறைகிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இன்சுலினை உடம்பு மதிக்காததுதானே பிரச்சினை என்பார்கள். அது பாதிக்கதை. 2003-ல் பீட்டர் பட்லரின் குழு இறந்தவர்களின் கணையங்களை ஆராய்ந்தபோது, உடல் பருமனான டைப் 2 நோயாளிகளிடம் பீட்டா செல் அளவு 63 சதவீதமும், ஒல்லியானவர்களிடம் 41 சதவீதமும் குறைந்திருந்தது. மிச்சம் இருக்கிறது, குறைவாக இருக்கிறது. பெருக்குவதற்கு இதைவிடத் தோதான நிலை வேண்டுமா?

எங்கள் பெரியப்பாவுக்கு டைப் 2, வெகுகாலமாக. நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, இதுல எனக்கு எது ஆகும்?”

“நடுறது உங்களுக்கு இல்ல, பெரியப்பா.”

“ஏன், காசு ஜாஸ்தியா?”

“காசு கிடக்கட்டும். ஊசியை விட்டுட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரையை ஆயுசுக்கும் போடணும். காய்ச்சல் வந்தா பெரியம்மா பதறிப்போயிடுவாங்க.”

“அதுக்கு இந்த ஊசியே தேவலாமே.”

அவ்வளவுதான். மருத்துவர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். அதனால்தான் நடும் சோதனைகளில் சேர்க்கப்படுகிறவர்கள், ‘லோ சுகர்’ வருவதே தெரியாமல் விழுந்து உயிராபத்துவரை போகிற டைப் 1 நோயாளிகள். அவர்களுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகும். சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. மிகப் பெரும்பாலோர் பெரியப்பா வகை. அவர்களுக்குக் கட்டுப்படியாகக்கூடியது மருந்துக்கடையில் வாங்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

எங்கள் பக்கத்து ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர் வாயால் வருவதற்கு முன்.

முதல் ஓட்டை, எலி. எலியில் பெருகியது மனிதனில் பெருகும் என்று நம்பிக் கெட்டவர்கள் இந்தத் துறையில் ஏராளம். பெரிய உதாரணம் பீட்டாட்ரோஃபின். 2013-ல் வெளிவந்தபோது எலியின் பீட்டா செல் பிரியும் வேகத்தைச் சராசரி 17 மடங்கு கூட்டும் ஹார்மோன் என்று தலைப்புச் செய்தியானது. மற்றவர்கள் செய்துபார்த்தபோது நிற்கவில்லை. 2016 இறுதியில் அந்தக் கட்டுரையை அதை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். அவர்களில் மெல்டனும் ஒருவர். தன் முடிவைத் தானே மறுபரிசோதித்து வாபஸ் வாங்கியதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஹார்மின் விஷயத்தில் ஆறுதல், பெருகியது மனித செல். எலி அதற்கு வீடு மட்டுமே கொடுத்தது.

இரண்டாவது, குறி. டிர்க்-1ஏ பீட்டா செல்லில் மட்டும் இருப்பதில்லை. மூளை உட்பட எங்கும் உண்டு. அதன் மரபணு இருப்பது 21-வது குரோமோசோமில். அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே பெயர் அடிபடுவது அதனால்தான். ஹார்மினோ மூளைக்குள் சுலபமாகப் போகும். அமேசான் காட்டுப் பழங்குடிகளின் அயவாஸ்கா கஷாயத்தில் சேரும் கொடியிலும் இருப்பது அதே பொருள். உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்குத் தூய ஹார்மினைக் கொடுத்துப் பார்த்த முதல்கட்டச் சோதனையில், உடல் எடையில் கிலோவுக்கு 2.7 மில்லிகிராமுக்குக் கீழே பெரிய தொந்தரவு இல்லை; அதற்கு மேலே போனபோது வாந்தி, மயக்கம். ஆகவே யாரும் ஹர்மல் விதையை நாட்டு மருந்துக்கடையில் தேடிப் போகவேண்டாம். அது மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியையும் அடைக்கும். மனஅழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உயிராபத்தாகவே முடியலாம். ஜிஎல்பி-1 சேர்ப்பதன் லாபம் இங்கேதான். பீட்டா செல்லில் கூட்டாக வேலை நடப்பதால் ஹார்மினைக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது கணக்கு. இன்னும் குறி தவறாத மருந்துகளை வேதியியல்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, புற்றுநோய். பிரியச்சொல்லும் எந்த மருந்தைப் பற்றியும் எழும் கேள்வி, எழவேண்டிய கேள்வி. ஒரு ஆறுதல், பீட்டா செல்லில் வரும் இன்சுலினோமா கட்டிகள் அபூர்வம், பெரும்பாலும் சாது. ஸ்டூவர்ட்டின் குழு அந்தக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்துத்தான் பெருக்கத்தின் பூட்டுகள் எவை என்று தேடியது. ஆனால் பீட்டா செல் ஒன்றும் ஆகாமல் தப்பினாலும், கணைய நாளத்தில் வேறொரு செல் தூண்டப்பட்டால் என்ன செய்வது? 3 மாத எலிச் சோதனையை வைத்து அதற்குச் சமாதானம் சொல்ல நான் துணியமாட்டேன்.

நான்காவதுதான் உண்மையில் வலிக்கும் ஓட்டை: டைப் 1. பெருக்கியதையெல்லாம் எதிர்ப்புச் சக்தி தின்றுவிட்டால் என்ன பயன்? பெருக்குவதற்கு மிச்சம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பாஸ்டனின் ஜோஸ்லின் மையம் 50 ஆண்டுக்கு மேல் டைப் 1-ஓடு வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறது. அவர்களில் பலரிடம் இன்சுலின் துளியாவது சுரந்துகொண்டிருந்தது, இறந்தபின் பார்த்த கணையங்களிலும் பீட்டா செல் இருந்தது. ஆக விதை உண்டு. காவல்? டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது, நோய் வெளிப்படுவதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு 14 நாள் ஏற்றினால் நோய் வருவதை ஏறக்குறைய 2 ஆண்டு தள்ளிப்போடுகிறது. ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மருந்தல்ல அது. அதோடு பெருக்கும் மருந்தைச் சேர்ப்பதுதான் டைப் 1-க்கான என் பந்தயம். ஆனால் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் அல்ல நான், கண்ணாடித் துண்டைப் பார்க்கிற ஆள். எந்தக் கட்டத்தில் எதைச் சேர்ப்பது என்பதில் அவர்கள் வார்த்தைக்கே எடை அதிகம்.

ஹார்மினை விட்டால் பெருக்கும் கட்சியில் வேறு ஆள் இல்லையா என்றால், இருக்கிறது. மெனின் என்ற புரதம் பீட்டா செல்லுக்குப் பிரேக் போடுவது. கர்ப்பகாலத்தில் எலியின் மெனின் தானாகக் குறைந்து பீட்டா செல்கள் பெருகுகின்றன, குறையவிடாமல் செய்தால் எலிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையே வருகிறது என்று 2007-ல் ஸ்டான்ஃபோர்டின் சியுங் கிம் குழு காட்டியது. அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் ஐகோவமெனிப் என்ற மாத்திரை டைப் 2 நோயாளிகளிடமே சோதனையில் இருக்கிறது. 12 வாரம் சாப்பிட்டு நிறுத்திய பின்னும், இன்சுலின் குறைவாகச் சுரக்கும் நோயாளிகளில் சிலருக்குச் சர்க்கரை இறங்கியே இருந்தது. 2024 ஜூனில் கல்லீரல் நொதிகள் ஏறியதால் எஃப்.டி.ஏ. சோதனையை நிறுத்திவைத்து, செப்டம்பரில் மறுபடி அனுமதித்தது. செல் உண்மையில் பெருகியதா, இருந்த செல் தேறிவந்ததா என்பதை உயிரோடிருக்கும் மனிதரின் கணையத்தில் எண்ணிச் சொல்ல இன்று வழியில்லை. இன்சுலினோடு கூடவே சுரக்கும் சி-பெப்டைடை ரத்தத்தில் அளந்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். நடும் கட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை; எத்தனை கோடி போட்டோம் என்று அவர்கள் கையில் ரசீதே இருக்கிறது.

பராமரிப்பு என்ற என் ஒற்றை அளவுகோலும் ஆட்டம் காணலாம். வேலிக்குப் பதில் செல்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் முயற்சியை வெர்டெக்ஸ் 2025 மார்ச்சில் கைவிட்டது. போதிய இன்சுலின் வரவில்லை. ஆனால் ஸ்வீடனின் உப்சலாவில் சானா நிறுவனத்தோடு சேர்ந்து வேறொன்று செய்திருக்கிறார்கள். இறந்தவரிடமிருந்து எடுத்த திட்டுச் செல்களில் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் மரபணுக்களை நீக்கி, ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் ஒன்றைக் கூட்டி, டைப் 1 உள்ள ஒருவரின் முன்கைத் தசையில் ஊசியால் வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. செல்கள் பிழைத்தன, இன்சுலின் சுரந்தன. கொடுத்தது சிறு அளவு என்பதால் அவர் ஊசியை விடவில்லை. ஒரே ஒரு மனிதர்தான், ஆனாலும் இதை நான் தள்ளிவிடமாட்டேன். இந்த வித்தை ஸ்டெம் செல்லில் முழு அளவில் பலித்தால், டைப் 1-க்கு நடுவதே நல்லது என்று நானே எழுதுவேன்.

அதுவரை என் கணக்கு இப்படி. ‘லோ சுகர்’ அடிக்கடி வந்து ஆளைச் சாய்க்கும் டைப் 1 என்றால் நடும் சிகிச்சை, அதுவும் முறையான சோதனையில் மட்டும். ஊர் ஊராக விளம்பரம் போட்டு ‘ஸ்டெம் செல் ஏற்றுகிறோம், சுகர் போய்விடும்’ என்கிற இடங்களில் நடப்பது இது எதுவுமே இல்லை. சர்க்கரை நோய்க்கு அப்படி ஏற்றுவதை ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் அங்கீகரிக்கவில்லை. டைப் 2 என்றால் பெருக்கும் மருந்துக்காகக் காத்திருக்கலாம். காத்திருக்கும்போது இருக்கும் செல்லைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வேலை. பெரியப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், சாயங்காலம் நடக்கிறார். எங்கள் மருந்து வரும்போது பெருக்குவதற்கு அவரிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டுமே.